‘உண்மை விரும்பி’ நான்தான்

இது நடந்து மூன்று வருடம் இருக்கும். லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு பாடசாலையில் அப்போது நான் தமிழாசிரியை. இப்போதும் அங்கேதான் படிப்பிக்கிறேன்.

எனக்கு ஒரு வலைப்பூ உண்டு. எட்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். மூடுபனி, தேயிலைப் பூ, தலவாக்கலை ரயில், மழை என்று கவிதையும் கட்டுரையுமாக நிறைய எழுதியிருந்தேன். ஒரு பதிவைப் போட்டால் கொழும்பில் இருக்கும் என் தங்கை வாசிப்பாள். என்னோடு ஆசிரியர் கலாசாலையில் படித்த இரண்டு பேர் ‘அருமை’ என்று எழுதுவார்கள். அத்தோடு சரி. ஆனாலும் என் மனதுக்குள் நான் ஒரு எழுத்தாளர். ஹட்டனில் இலக்கியக் கூட்டம் ஏதாவது நடந்தால் நல்ல சேலையாகப் பார்த்து உடுத்திக்கொண்டு போவேன். என்னைப் பேசக் கூப்பிடுவார்கள் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். கூப்பிட்டதில்லை.

அந்த வருடத் தொடக்கத்தில் புதிதாக ஒரு வலைப்பூ வந்தது. எழுதுபவரின் பெயரோ படமோ ஊரோ எதுவும் இல்லை. கொழுந்து பறிக்கும் பெண்கள் மழைக்கும் செடிக்கும் தடுப்பாக இடுப்பில் சுற்றிக்கொள்வார்களே, படங்கு, அதையே வலைப்பூவுக்குப் பெயராக வைத்திருந்தார்கள். வாசித்தவர்கள் எல்லாம் யாரோ கொழுந்து பறிக்கிற பெண் என்றுதான் நினைத்தோம். மலையில் வேலை செய்யும் பெண்களுக்கு ஒதுங்கப் போக ஓர் இடம் இல்லாதது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் பெயரைத் தப்பாக எழுதிவிட்டு அதைத் திருத்தத் தாயை நான்கு தடவை அலைய வைத்தது, இப்படி நடப்பதை நடந்தபடியே எழுதியிருந்தார்கள். பேசுகிற மாதிரியே இருக்கும். வரிக்கு ஓர் எழுத்துப்பிழையும் இருக்கும். ‘ஞாபகம்’ என்பது எல்லா இடத்திலும் ‘நியாபகம்’தான்.

மூன்றே மாதத்தில் அதை வாசிக்காத ஆளே இல்லை என்றாகிவிட்டது. இடைவேளையில் அதிபர் தன் கைபேசியில் இருந்து சத்தமாக வாசிப்பார், ஆசிரியர்கள் டீயைக் குடிக்காமல் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒருநாள் வாசித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்து, “டீச்சர், நீங்களும் எழுதுறீங்கதானே, இப்படி எதையாச்சும் எழுதுங்களேன்” என்றார். அவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார். எனக்கு அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு எனக்கு அது ஒரு வியாதி போல ஆகிவிட்டது. பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் முதல் வேலையாக அந்த வலைப்பூவைத் திறந்து எத்தனை பேர் பின்னூட்டம் எழுதியிருக்கிறார்கள் என்று எண்ணுவேன். பிறகு என்னுடையதைத் திறப்பேன். அதே இரண்டு ‘அருமை’ இருக்கும். அங்கே உள்ள பிழைகளை எல்லாம் மனதுக்குள் சிவப்பு மையால் வட்டம் போட்டுக்கொண்டே வீடு வந்து சேருவேன்.

ஒருநாள் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ‘எங்கள் மலை’ என்று கட்டுரை எழுதக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவியின் கொப்பியில், “அட்டைக்கும் எனக்கும் ரத்த சொந்தம்” என்றொரு வரி இருந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எங்கே எடுத்தாய் என்று கேட்டேன். “அந்த பிளாக்ல நேத்து போட்டிருந்தாங்க டீச்சர்” என்றாள்.

அந்த வரியை நான் இருபத்தைந்து வருடத்துக்கு முன்பே கேட்டிருக்கிறேன். ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தைச் சுற்றிப் புல் வெட்டிச் சிரமதானம் செய்தபோது என் காலில் ஏறிய அட்டையைப் பிடுங்கி எறிந்துவிட்டு, என் பக்கத்து மேசைக்காரி சொன்னது அது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள் சாதாரண தரப் பரீட்சையில் கணக்கில் இரண்டு தடவை கோட்டைவிட்டு, படிப்பை நிறுத்தி, தோட்டத்தோடு நின்றுவிட்டாள். தாய்மார் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்வதுதான் அவளுடைய வேலை. நான் கலாசாலைக்குப் போய் ஆசிரியை ஆனேன்.

முன்பின் தெரியாத யாரோ என்றிருந்தவரை கொஞ்சமாவது பொறுத்துக்கொள்ள முடிந்தது. இவள் என்று தெரிந்ததும் முடியவில்லை. அவளுடைய கட்டுரைகளைப் பள்ளிக்கூடத்தில் திருத்திக் கொடுத்ததே நான்தான்! யாரிடமும் இதைச் சொல்லவில்லை. அவளைக் காப்பாற்றவேண்டும் என்று ஒன்றும் இல்லை. யாரென்று தெரிந்தால் இன்னும் தலையில் தூக்கி வைத்துக்கொள்வார்களே, அதற்காகத்தான்.

அடுத்த புதன்கிழமை ‘எங்கள் பீலித் தண்ணீர்’ என்று ஒரு பதிவு வந்தது. அவளும் மற்றத் தொழிலாளர்களும் குடியிருக்கும் லயத்தில் குடிக்கவும் குளிக்கவும் இருப்பது மலையிலிருந்து குழாய் வைத்து இறக்கிய ஒரு பீலிதான். அதற்கு மேலே, தண்ணீர் பிடிக்கும் அதே ஓடையில், களைக்கு மருந்தடிக்கும் டேங்குகளைக் கழுவுகிறார்கள். சின்னக் குழந்தைகளுக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகிறது, வாந்தி எடுக்கிறார்கள், சொல்லிப் பார்த்தும் யாரும் காதில் வாங்கவில்லை என்று எழுதியிருந்தாள். தோட்டத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் ஓடையின் படத்தைப் பார்த்த உள்ளூர்க்காரர்களுக்கு எது என்று விளங்கிவிட்டது. இரண்டு நாளில் அது எங்கெங்கோ போய்விட்டது. தோட்டத்து ஆபீசில் எழுதியது யாரென்று தேடுகிறார்கள் என்றும் பேச்சு அடிபட்டது.

சனிக்கிழமை லிந்துலைக் கடைத்தெருவில் அவளைப் பார்த்தேன். ஒரு கையில் குடை, ஒரு கையில் பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட். என்னைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“நீ எழுதுறதெல்லாம் வாசிப்பேன்டி. எவ்வளவு நல்லா எழுதுற! என்ன எழுதுறதுன்னு எப்படி யோசிப்ப?” என்று கேட்டாள்.

உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். எனக்கு அது குத்திக்காட்டுவது போல இருந்தது. நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு நடந்துவிட்டேன்.

மறுநாள் ஞாயிறு. காலையிலிருந்து விடாத மழை. அவளுடைய பதிவைத் திறந்தேன். நூற்றுக்கு மேல் பின்னூட்டம். ‘அக்கா, நீங்க எங்க குரல்’ என்று யாரோ எழுதியிருந்தார்கள். என் கை தானாகவே தட்டத் தொடங்கியது. ‘உண்மை விரும்பி’ என்று ஒரு பொய்ப் பெயரைப் போட்டுக்கொண்டேன். “ஊரைத் திருத்துவதற்கு முன்னால் ஒழுங்காக எழுதப் பழகுங்கள். பிள்ளைக்காம்பராவில் தொட்டில் ஆட்டுகிற கைக்கு இதெல்லாம் எதற்கு?” என்று எழுதிப் போட்டுவிட்டேன்.

போட்டதும் எவ்வளவு நிம்மதி தெரியுமா? அன்றைக்கு நன்றாகச் சமைத்தேன். பாட்டுக்கூடப் பாடினேன் என்று நினைக்கிறேன்.

திங்கட்கிழமை பாடசாலை விட்டு வந்துதான் திரும்பப் பார்த்தேன். என் பின்னூட்டத்துக்குக் கீழே ஒருவர், “அப்ப எழுதுறது அந்தப் பிள்ளைக்காம்பரா அக்காவா?” என்று கேட்டிருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவள் ஒரு பதிவில்கூடத் தன் வேலை என்னவென்று சொன்னதில்லை. அந்த லயங்களுக்கு இருப்பது ஒரே ஒரு பிள்ளைக்காம்பரா. நான் உடனே அழித்தேன். அதற்குள் அதைப் படம் பிடித்து எல்லாக் கைபேசிக் குழுக்களிலும் அனுப்பியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை பாடசாலை முடிந்து வெளியே வந்தபோது அவள் கேட்டுக்குப் பக்கத்தில் நனைந்துகொண்டு நின்றாள். வெறுமையாக இருந்த ஒரு வகுப்பறைக்குக் கூட்டிப் போனேன். பைக்குள் இருந்து ஒரு கடிதத்தை எடுத்தாள். தோட்டத்து ஆபீசில் இருந்து வந்தது. நாளைக் காலைக்குள் விளக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும் என்றிருந்தது.

“அந்த பிளாக்க எழுதுறது நாந்தாண்டி. ஓங்கிட்டகூட சொல்லல, கோவிச்சுக்காத” என்றாள். பிறகு, “பிழையில்லாம ஒரு கடிதம் எழுதிக் குடு. யாரோ ஒருத்தர் சொல்லியிருந்தாங்க, எனக்கு எழுத வராதுன்னு. அது சரிதானே” என்றாள்.

நான் அவள் முகத்தைப் பார்க்காமல் கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்தேன். ‘அந்தப் பதிவை நான் எழுதவில்லை’ என்றே எழுதிவிடலாமே, யாராலும் நிரூபிக்க முடியாது என்று சொன்னேன்.

“வேணாம். நாந்தான் எழுதுனேன்னே எழுது. வந்து ஓடைய ஒரு தடவ பாருங்கன்னும் எழுது. நான் இல்லன்னு சொன்னா அப்புறம் தண்ணியும் நல்லாத்தான் இருக்குன்னு ஆயிடும்.”

இரண்டு வரி எழுதினேன். மூன்றாவது வரிக்குப் பேனா ஓடவில்லை. அவள் என்னையே நம்பி உட்கார்ந்திருந்தாள். தலைமுடியில் இருந்து தண்ணீர் மேசையில் சொட்டிக்கொண்டிருந்தது.

“அந்த உண்மை விரும்பி நாந்தாண்டி” என்று சொல்லிவிட்டேன்.

முதலில் அவளுக்கு விளங்கவில்லை. விளங்கியதும் பேனாவைப் பிடித்திருந்த என் கையைப் பார்த்தாள். “ஏண்டி?” என்று மட்டும் கேட்டாள்.

“பொறாமை.”

“எம்மேலயா?” அவளால் நம்பவே முடியவில்லை. “ஓங்கிட்ட இல்லாதது எங்கிட்ட என்னடி இருக்கு? ஒனக்கு வீடு இருக்கு, வேல இருக்கு, ஊரே டீச்சர்னு கூப்பிடுது. எனக்குன்னு இருந்தது அது ஒண்ணுதான். பிள்ளைங்க தூங்குற நேரத்துல எழுதுவேன். அப்ப மட்டுந்தான் நான் சொல்றத யாரோ கேக்குறாங்கன்னு தோணும்.”

அவள் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, “எழுதி முடி. காலையில குடுக்கணும்” என்றாள். எழுதி முடித்தேன். ஒரு தடவைக்கு இரண்டு தடவை வாசித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டு, மழையிலேயே போய்விட்டாள்.

மறுநாள் நான் லீவு போட்டுவிட்டு அந்தத் தோட்டத்துக்குப் போனேன். என்ன செய்யப் போகிறேன் என்று எனக்கே தெரியாது. நான் போய்ச் சேர்ந்தபோது ஆபீஸ் வாசலில் முப்பது நாற்பது தாய்மார் இடுப்பில் பிள்ளைகளோடு நின்றார்கள். யாரும் அன்றைக்கு மலைக்குப் போகவில்லை. தோட்டத்தை நடத்தும் துரை வெளியே வந்து என்ன இது என்று கேட்டார். முன்னால் நின்ற ஒரு பெண் சொன்னாள்:

“அவ சும்மா எழுதல துரை. நாங்க சொன்னதத்தான் எழுதுனா. எங்களுக்கு எழுதத் தெரிஞ்சிருந்தா நாங்களே எழுதியிருப்போம்.”

அத்தனை வருடம் எழுதத் தெரிந்த நான் கூட்டத்தின் கடைசியில் குடைக்குள் நின்றுகொண்டிருந்தேன். நான் எழுதியதில் எதையாவது அவர்களில் ஒருத்தி தன்னுடையது என்று சொல்வாளா என்று யோசித்துப் பார்த்தேன். அந்த நேரத்திலும் என் மனதில் வந்தது பொறாமைதான்.

அன்று மாலை என் வலைப்பூவில் என் பெயரிலேயே எல்லாவற்றையும் எழுதினேன். ஓடையைப் பற்றியும் எழுதினேன், நான் செய்த காரியத்தையும் எழுதினேன். என் எட்டு வருடத்தில் அதிகம் பேர் வாசித்தது அதைத்தான். எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தேன் என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். அப்படி எண்ணியபோது என் மேல் எனக்கே வெறுப்பு வந்தது. பாடசாலையில் சிலர் ஒரு மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

இரண்டு வாரத்தில் சுகாதாரப் பரிசோதகர் வந்து ஓடையைப் பார்த்தார். டேங்க் கழுவும் இடத்தைப் பீலிக்குக் கீழே மாற்றினார்கள். ஆனால் அவளைப் பிள்ளைக்காம்பராவில் இருந்து எடுத்துவிட்டார்கள். தாய்மார் எவ்வளவு கேட்டும் நடக்கவில்லை. இப்போது அவள் கொழுந்து பறிக்கிறாள். முழங்கால் வலியோடு அந்தச் சரிவில் ஏறி இறங்குகிறாள். அதற்குக் காரணம் நான்.

எழுதுவதை அவள் நிறுத்தவில்லை. இப்போது அவளுடைய பெயரும் படமும் அங்கே இருக்கின்றன. அவள் எழுதி, போன வருடம் வேறொரு தோட்டத்தில் மலைக்குப் போகும் பெண்களுக்கு மலசலகூடம் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். வழியில் கண்டால் என்னோடு பேசுவாள், வீட்டைப் பற்றி விசாரிப்பாள். என்ன எழுதப் போகிறாள் என்று மட்டும் சொல்லமாட்டாள். மற்றவர்களைப் போல நானும் வந்த பிறகுதான் வாசிக்கிறேன். நல்ல ஒரு வரி கண்ணில் பட்டால் இன்றைக்கும் நெஞ்சுக்குள் சுருக்கென்கிறது, மறைக்க முடியாது.

யார் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று ஆகிவிட்ட இந்தக் காலத்தில், சொல்ல வேண்டியதைச் சொல்வதற்காக அவள் பெயரை மறைத்துக்கொண்டாள், சொல்லக்கூடாததைச் சொல்வதற்காக நான் மறைத்துக்கொண்டேன். அந்த வித்தியாசம் எனக்கு விளங்குவதற்கு அவளுடைய வேலை போகவேண்டியிருந்ததே என்பதுதான் இன்றுவரை ஆறாமல் இருக்கிறது.