சிவப்புத் தண்ணீரின் பத்தியம்

என் அலுமாரியின் மேல்தட்டில் ஒரு வெறும் போத்தல் இருக்கிறது. பக்கவாட்டில் படிக்கட்டுப்போல வெட்டி ஒட்டிய காகிதப் பட்டி. ஒரு படி ஒரு வேளை மருந்து. ஐம்பதுகளின் கடைசியில், தண்ணீரூற்று என்ற ஊர்ப் பக்கத்து அரசாங்க மருந்தகமொன்றில் மருந்து கலந்துகொடுக்கும் அப்போதிக்கரியாக இருந்தபோது இப்படிப் பட்டி வெட்டி ஒட்டுவதே என் பிழைப்பு. எந்த மருந்துக்கு யார் கையெழுத்து வேண்டும் என்பதில் எனக்குத் தெரியாத விதி கிடையாது. இந்தப் போத்தலுக்கு மட்டும் விதி இல்லை. இதற்குப் பொறுப்பு எங்கள் மருத்துவிச்சி அம்மா. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, பெரிய டாக்டருக்கும் வண்டிக்காரனுக்கும் ஒரே அதட்டல்.

ஒருநாள் நாயாற்று மீன்பிடிக் கிராமத்திலிருந்து ஒரு பெண்ணை மாட்டுவண்டியில் கொண்டுவந்தார்கள். கைக்குழந்தை மாமியாரின் தோளில் வீரிட்டது. பெற்றவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று விடியப் பிள்ளையை மணலில் கிடத்திவிட்டுக் களப்புத் தண்ணீரில் இறங்கி ஆழத்துக்கு நடந்திருக்கிறாள். வலை வீசியவர்கள் இழுத்துக் கரைசேர்த்தார்கள்.

"பேய் பிடிச்சிட்டுது ஐயா. நாளைக்குப் பேயோட்டியட்டைக் கொண்டுபோறம். ரெண்டு அடி விழுந்தால் இறங்கியிடும்" என்றாள் மாமியார், செபமாலையை உருட்டியபடி.

விதிப்படி நான் பெரிய ஆசுபத்திரிக்கு எழுதவேண்டும். அவர்கள் கொழும்பிலுள்ள மனநோய் ஆசுபத்திரிக்கு எழுதுவார்கள். அப்படிக் கொழும்புக்குப் போனவர்களில் திரும்பிவந்த எவரையும் நான் கண்டதில்லை. ஒழுங்காகக் கோவைப்படுத்தினோம் என்ற திருப்திதான் எங்களுக்கு மிஞ்சும்.

மருத்துவிச்சி அம்மா அவளைத் திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் வெகுநேரம் கழித்து வந்தார். "கடைசியா எப்ப நித்திரை கொண்டனி எண்டு கேட்டன். அதுக்கே அழத் தொடங்கியிட்டாள். ஐயா, சிவப்பா ஒரு போத்தல் கலவுங்கோ."

"என்ன மருந்து?"

"பெப்பர்மின்ட் தண்ணியும் சாயமும்."

"அதற்கு எனக்கு அதிகாரமில்லை."

"அதிகாரம் பிள்ளை பெறுமே? கலவுங்கோ!"

கலந்தேன். அவர் போத்தலை மாமியாரின் கையில் வைத்தார். "எணை, இது கடும் மருந்து. குடிச்சால் பொழுதுபடும்வரை இவள் நெருப்பிலையும் தண்ணியிலையும் கை வைக்கக்கூடாது. பால் குடுக்கப் பிள்ளையைக் குடுத்திட்டு உடனை வாங்கிப்போடோணும். தனிய விடக்கூடாது, தமக்கைக்காரி வந்து பக்கத்திலை இருந்து கதைக்கோணும். ஆரும் ஏசினால் மருந்து முறிஞ்சிடும்."

"பத்தியம் பிழைச்சால்?"

"பால் வத்தும்."

அதோடு பேயோட்டியின் கதை முடிந்தது. களைத்துப் போனேன் என்று ஒரு தாய் சொன்னால் எங்கள் சனம் காதில் வாங்காது. பத்தியம் என்றால் உப்பில்லாமலும் மாதக்கணக்கில் சாப்பிடும். இதை அந்த அம்மா எந்தச் சுற்றறிக்கையிலும் படிக்கவில்லை. கிழமைதோறும் மீன்வண்டியில் நாயாறு போய், பத்தியம் பிழைக்காமல் பார்த்துக்கொண்டார்.

சில மாதங்களின் பின் மாமியார் தனியே வந்தாள், வெறும் போத்தலோடு.

"மருமகள் எப்படி?" என்று கேட்டேன்.

"சிரிக்கிறாள் ஐயா. நேற்று என்னோடை சண்டையும் பிடிச்சவள்."

"பிறகேன் மருந்து?"

அவள் வாசலைத் திரும்பிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "இது எனக்கு. நான் ஒன்பது பெத்தனான். எனக்கு ஒருத்தரும் இந்தப் பத்தியம் சொல்லேல்லை."

உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்த மருத்துவிச்சி அம்மா எழுந்து வந்தார். அவளைக் கதிரையில் இருத்தி, கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "ஐயா, இவவுக்குக் கொஞ்சம் கூடச் சிவப்பாக் கலவுங்கோ" என்றார்.

நான் மாற்றலாகிப் போனபோது அந்தப் போத்தல்களில் ஒன்றை என் பெட்டிக்குள் வைத்தவரும் அவர்தான். எத்தனையோ இடப்பெயர்வுகளில் உருப்படியான பொருள்களெல்லாம் போயின, இது தப்பிவிட்டது.

போன மாதம், இரண்டாவது பிள்ளையோடு திணறும் என் பேத்தியை வவுனியாவில் ஒரு உளவளத்துணையாளரிடம் கூட்டிப்போனோம். முன்பதிவு, அட்டை, மின்விசிறி எல்லாம் ஒழுங்கு. ஆலோசனை சொல்லும் அந்த இளம்பெண் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: நித்திரை வேண்டும், பேச்சுத்துணை வேண்டும், யாரும் குறை சொல்லக்கூடாது. நல்ல வைத்தியம். எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டுக்கு வந்ததும் பேத்தி நேரே அடுப்படிக்குப் போனாள்.

நான் போத்தலை இறக்கிக் கழுவி, சிவப்பாகக் கலந்து, புதுப் பட்டி வெட்டி ஒட்டினேன்.

"என்ன அம்மப்பா இது?" என்றார் பேத்தியின் கணவர்.

"கடும் மருந்து, தம்பி. பொழுதுபடும்வரை அவளுக்கு நெருப்பும் தண்ணியும் ஆகாது. பிள்ளையை என்னட்டைத் தந்திட்டு நீங்கள் குசினிக்குப் போங்கோ."

அவர் போத்தலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.