கிண்டியில் அத்தை தோற்ற நாள்

எனக்குப் பதினொரு வயதானபோது, அத்தை பெண்கள் அமெச்சூர் கோல்ஃப் போட்டியின் இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். வீட்டில் யாரும் இதை நல்ல சேதியாக எடுத்துக்கொள்ளவில்லை.

அத்தை அப்பாவின் தங்கை. வால்பாறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்ட மானேஜரைக் கட்டிக்கொண்டு போனவள், ஆறு வருஷம் கழித்து ஒரு டிரங்குப் பெட்டியும் கோல்ஃப் பையுமாக அபிராமபுரத்துக்குத் திரும்பி வந்தாள். மாமா வேறொருத்தியை வீட்டோடு கூட்டி வந்துவிட்டார் என்பது எனக்குப் பின்னால்தான் தெரியும். அப்போது நான் மாமாவைப் பற்றிக் கேட்டால் அம்மா அரிசி களையப் போய்விடுவாள்.

கிண்டியில், குதிரைப் பந்தய மைதானத்துக்கு நடுவே இருந்த புல்வெளியில் அவள் ஆடுவதற்கு அப்பா இரண்டு நிபந்தனைகள் போட்டிருந்தார். புடவைதான் கட்ட வேண்டும். தனியாகப் போகக் கூடாது. முதலாவது அத்தைக்கு; இரண்டாவது என் தலையில் விழுந்தது.

மந்தைவெளியில் பஸ் ஏறினோம். கண்டக்டர் பையைத் தட்டிப் பார்த்தார். "இன்னாம்மா கீது உள்ள, ஜன்னல் கம்பியா?"

"கோல்ஃப் மட்டைங்க" என்றாள் அத்தை பொறுமையாக. பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. நான் அவளோடு வந்தவளில்லை என்பதுபோல ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டேன்.

எதிர்த்து ஆடிய பெண் தொப்பியும் முழங்கால்வரைப் பாவாடையுமாக வந்திருந்தாள். அத்தை புடவையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிச் செருகி, முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சுற்றி, வெள்ளைக் கான்வாஸ் ஷூ போட்டிருந்தாள். முதலில் சிலர் சிரித்தார்கள். அவள் அடிக்கத் தொடங்கியதும் எல்லோரும் பந்து போன திசையைப் பார்த்தார்கள். நான் மட்டும் புடவையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதினேழு குழிகள் முடிந்தபோது இருவரும் சமம். கடைசிக் குழியைச் சுற்றிக் கூட்டம் சேர்ந்தது. அந்தப் பெண் தன் பந்தை உள்ளே தள்ளிவிட்டாள். அத்தையின் பந்து நான்கடி தூரத்தில் கிடந்தது. அது விழுந்தால் ஆட்டம் நீளும், விழாவிட்டால் தோல்வி.

அந்த நேரம் பார்த்து என் வகுப்பில் படித்த ஒருத்தி பக்கத்தில் வந்து நின்றாள். பள்ளிக்குக் காரில் வருகிறவள். அவள் அப்பா அங்கே மெம்பர்.

"அந்தப் புடவை ஆன்ட்டி உங்க சொந்தமா?"

"இல்ல, எங்க தெருவுல இருக்கிறவங்க. சும்மா கூட வந்தேன்."

"பாக்க சிரிப்பா இல்ல?"

"ஆமா" என்றேன். சொன்னதோடு நிற்காமல் சிரிக்கவும் செய்தேன்.

கூட்டம் மூச்சுவிடாமல் நின்றதால் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. குனிந்திருந்த அத்தை ஒருமுறை நிமிர்ந்தாள். என் பக்கம் திரும்பவில்லை. மறுபடி குனிந்து பந்தைத் தட்டினாள். அது குழியின் விளிம்பைத் தொட்டு நின்றுவிட்டது.

கைகுலுக்கல் முடிந்ததும் அத்தை நேராக எங்களிடம் வந்தாள். நான் வகுப்புக்காரியின் பின்னால் ஒதுங்கினேன். வீட்டில் அவள் என்னை 'அடியே' என்றுதான் கூப்பிடுவாள்.

"பாப்பா, உங்க அம்மா தேடுவாங்க. நான் கிளம்புறேன், நீயும் வர்றியா?" என்றாள், யாரோ வீட்டுப் பிள்ளையிடம் பேசுகிற மரியாதையோடு.

வகுப்புக்காரிக்குத் துளியும் சந்தேகம் வரவில்லை. தப்பித்தேன் என்றிருந்தது எனக்கு. திரும்பும் வழியில் அத்தை வாங்கிக் கொடுத்த வேர்க்கடலையை ஒன்று விடாமல் தின்றேன்.

வீட்டில் அப்பா கேட்டதற்கு, "வெயில் கண்ணுல அடிச்சுடுச்சு அண்ணா" என்றாள். அன்று முழுக்க மேகமூட்டம். தோற்றவர்கள் இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் போலும் என்று எண்ணி, நான் காட்டிக்கொடுக்காமல் இருந்தேன். அவளுக்குப் பெரிய உதவி செய்துவிட்டதாக எனக்குப் பெருமைகூட.

அதற்குப் பிறகு அவள் கிண்டிக்குப் போகவில்லை. தோற்றுப்போனதால் ஆட்டம் வெறுத்துவிட்டது என்றே நினைத்தேன். என்மேல் வருத்தம் இருந்தால் திட்டியிருப்பாள் அல்லவா? திட்டாமல் இருப்பவர்களுக்கு வருத்தம் இல்லை என்றுதான் அந்த வயதில் எனக்குத் தெரிந்திருந்தது.