நாற்பத்தொன்றாவது பெயர்

பேய், ஆவி எதிலும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இன்றைக்கும் கிடையாது என்றுதான் சொல்வேன். இருபத்திரண்டு வருடங்களாக நாட்குறிப்பு எழுதுகிறேன், நடந்ததை நடந்த நேரத்தோடு மட்டும். இதுவும் அப்படித்தான். கம்ப்யூட்டர் கோளாறு என்று நீங்கள் சொல்லலாம், முதலில் நானும் அதைத்தான் சொன்னேன்.

சித்தூரில் கணக்கு வாத்தியாராக இருக்கிறேன். திருப்பதியில் இருக்கும் என் நண்பன் வரதனும் நானும் மாநில எல்லைக் கிராமங்களுக்குப் பஸ் நேரம் சொல்லும் இலவசச் செயலி ஒன்றைப் பன்னிரண்டு வருடமாக நடத்துகிறோம். அதன் நிரல் எல்லோருக்கும் திறந்தது, யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். எங்கள் இருவரில் ஒருவர் சேர்த்தால்தான் உள்ளே போகும், சேர்த்தவர் பெயரும் நேரமும் தானாகப் பதிவாகிவிடும். நிரலை வரதன் எழுதுவான். வழிகாட்டிப் பக்கங்களும் பங்களித்தவர்கள் பட்டியலும் என் பொறுப்பு. பதிவு இல்லாத பெயருக்குப் பட்டியலில் இடமில்லை என்பது என் விதி. வரதன் ஒருமுறை தன் மைத்துனன் பெயரைச் சும்மா நுழைத்தபோது அன்றைக்கே எடுத்துவிட்டேன்.

போன ஆனி மாதம், புதிய பதிப்புக்காகப் பட்டியலைச் சரிபார்த்தேன். நாற்பத்தொரு பெயர், நாற்பதுக்குப் பதிவு இருந்தது. மிச்சம் ஒன்று: தேசம்மா, விஜயபுரம். நீக்கினேன். மறுநாள் காலை ஆறரைக்குப் பார்த்தால் அதே இடத்தில் இருக்கிறது. சேர்த்தது யார் என்று பதிவில் ஒன்றுமே இல்லை. பதிவை மறைக்கத் தெரிந்தவன் எங்களில் வரதன் ஒருவன்தான். போன் போட்டேன்.

"வரதா, யாருப்பா இந்தத் தேசம்மா? உன் மைத்துனனுக்குச் சொந்தமா?"

"விஜயபுரத்துல எனக்கு ஒருத்தரையும் தெரியாது வாத்தியாரே. சரேலே, விடுங்கோ, ஒரு பேர்தானே, இருந்துட்டுப் போகட்டுமே."

அந்த 'இருந்துட்டுப் போகட்டுமே'தான் என்னை உறுத்தியது. ஞாயிற்றுக்கிழமை, அவனிடம் சொல்லாமல், திருத்தம் சேர்க்கும் அவன் அனுமதியை எடுத்துவிட்டுப் பெயரை மறுபடி நீக்கி, என் கம்ப்யூட்டரில் இருந்த பிரதியிலும் நீக்கி, இன்டர்நெட் வயரையும் பிடுங்கிவிட்டுக் குளிக்கப் போனேன். வீட்டில் வேறு யாரும் இல்லை. பகல் பதினொன்று பத்துக்குத் திரும்பி வந்து திறந்தால், நம்பினால் நம்புங்கள், நாற்பத்தொன்று.

அனுமதி போனதைப் பார்த்துவிட்டு மதியம் வரதனே கூப்பிட்டான்.

"பன்னெண்டு வருஷம் கழிச்சு என்னைத் திருடன்னு சொல்லிட்டேள். இனிமே நீங்களே எழுதிக்கோங்கோ."

வைத்துவிட்டான். எனக்கு நிரல் எழுதத் தெரியாது. அவன் இல்லையென்றால் செயலி அதோடு சரி.

மறுநாள் லீவு போட்டு விஜயபுரம் போனேன். பஸ் நிறுத்தத்தில் பெயரைச் சொன்னதும் வீட்டைக் காட்டினார்கள். அவள் மகன் வாசலில் விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். செயலியைத் திறந்து பட்டியலில் இருந்த பெயரைக் காட்டினேன்.

"எங்கம்மாதான் சார். பஸ்ஸு மாறுச்சுன்னா யாருக்குனா போன் பண்ணி சொல்லிக்கினே இருக்கும். யாரைக் கூப்பிட்டாலும் அதுக்கு நைனாதான். தவறிப்போயி ரெண்டு வருசம் தாண்டிச்சு, தை மாசம்." பிறகு லேசாகச் சிரித்தார். "ரேசன் கார்டுலயே அது பேரு தப்பா கீது. நீங்க ஆப்புல சரியா போட்டுகிறீங்க."

வீட்டுக்கு வந்து நாட்குறிப்புகளைப் புரட்டினேன். முந்தைய ஐப்பசியில் ஒரு நாள், மாலை நான்கு பத்து, என் கையெழுத்து: 'விஜயபுரம் தேசம்மா போனில் சொன்னது. மழை நாளில் பஸ் ஏரிக்கரைக்கு வராது, பள்ளிக்கூட வாசலில் ஏற வேண்டும்.' இந்த வாக்கியம் எங்கள் வழிகாட்டியில் இருக்கிறது. பதிவில் அதற்கு நேராக இருப்பது என் பெயர். அந்த ஐப்பசிக்கு அவள் இறந்து ஒன்றே முக்கால் வருடம். அப்படி ஒரு போன் வந்ததாகவோ, அதை எழுதியதாகவோ எனக்கு நினைவே இல்லை.

சனிக்கிழமை நாட்குறிப்போடு திருப்பதி போய் வரதனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை படித்தான், விரலால் மையைத் தேய்த்துப் பார்த்தான்.

"இதைப் போன ஐப்பசியில எழுதினேளா, நேத்து எழுதினேளான்னு எப்படி நம்பறது? பதிவு இருக்கா?"

இல்லை. எனக்கும் அதே கேள்விதான். அனுமதியைத் திரும்ப வாங்கிக்கொண்டான், வேலையும் செய்கிறான், ஆனால் இப்போது என்னை 'சார்' என்று கூப்பிடுகிறான். தேசம்மாவின் பெயர் அதே இடத்தில் இருக்கிறது.

இருபத்திரண்டு வருடத்தில் யார் பேச்சையும் பேச்சாகவே நான் எழுதிவைத்ததில்லை, சாரத்தை மட்டும்தான் எழுதுவேன். அந்தப் பக்கத்தின் கடைசி வரி மட்டும், என் கையெழுத்திலேயே, இப்படி இருக்கிறது: 'பேர மறந்துடாத நைனா.'