நான் திருத்திய எழுத்து

கர்த்தருக்குப் பிரியமான சபையாரே, இதை எழுதவே வெட்கமாக இருக்கிறது. என் மகள் ஸ்டெல்லாவின் ஆராய்ச்சியை ஏறக்குறைய நானே கெடுத்துவிட்டேன்.

1996 ஜூன் மாதம். திருவனந்தபுரத்தில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அவள் செராமிக் பொடிகளை ஆராய்ந்துகொண்டிருந்தாள். தன் முதல் கட்டுரையை வெளிநாட்டு விஞ்ஞான இதழ் ஒன்றுக்கு அனுப்பினாள். அதே துறை வல்லுநர்கள் பரிசோதித்து ஒப்புக்கொண்டால்தான் அந்த இதழ் எதையும் அச்சிடும். கட்டுரையை டைப் செய்தவள் நான். அரசு அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அதிகாரிகளின் பிழைகளைக் கேட்காமலே திருத்திவிடுவேன். அதில் எனக்குப் பெருமை.

அவள் கையெழுத்தில் அளவுகளெல்லாம் ‘யூ எம்’ என்று தெரிந்தன. அப்படி ஓர் அளவே கிடையாது, பிள்ளை அவசரத்தில் எழுதிவிட்டது என்று எல்லாவற்றையும் ‘எம் எம்’ ஆக்கினேன். எனக்கு ‘யூ’ போலத் தெரிந்தது ஒரு கிரேக்க எழுத்து; அவள் எழுதியது மைக்ரான், மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. எனக்குத் தெரியாது. அம்மா டைப் செய்ததில் பிழை வராது என்று அவளும் வாசிக்காமலே அனுப்பிவிட்டாள்.

செப்டம்பரில் கட்டுரை திரும்பி வந்தது. அவள் அழுதுகொண்டே வந்தாள்.

“பொடியெல்லாம் அரிசி அளவுல இருக்குன்னு கேலியா எழுதியிருக்காங்கம்மா. எங்க கைடு சார் லேப்ல எல்லாரு முன்னாலயும், ‘இது செராமிக்கோ, புட்டுப்பொடியோ’ன்னு கேட்டாரு. என்னை நம்ப முடியாதாம். எல்லா அளவும் முதல்ல இருந்து எடுக்கணுமாம். ஒரு வருஷம் போச்சு. நான் எழுதின பேப்பர் எங்கம்மா? தப்பா எழுதிட்டேனான்னு பாக்கணும்.”

நான் மாற்றிய ‘எம் எம்’ அப்போதுதான் உறைத்தது. “பழைய பேப்பர்காரனுக்குப் போட்டாச்சு” என்றேன். அது பீரோவில் என் சேலைகளுக்கு அடியில் இருந்தது.

மூன்று வாரம் ஜெபித்தேன். என்ன ஜெபம் தெரியுமா? நான் செய்தது யாருக்கும் தெரியாமலே எல்லாம் சரியாக வேண்டும் என்று.

ஒரு சாயங்காலம் குடும்ப ஜெபத்தில் ஸ்டெல்லா, “ஆண்டவரே, என் கவனக்குறைவை மன்னியும். என்னால அம்மா படுற துக்கத்தை எடுத்துப்போடும்” என்றாள். நான் ஆமென் சொல்ல வேண்டிய இடம். எழுந்துபோய் பீரோவைத் திறந்தேன்.

தாளை வாங்கிப் பார்த்தாள். “போட்டாச்சுன்னு சொன்னீங்களே?” என்றாள். தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தாள். பிறகு, “சார்ட்ட நீங்களே வந்து சொல்லணும்.”

மறுநாள் போனேன். அவளுடைய சார் மலையாளி, என்னைவிட இளையவர். நான் சொல்லி முடித்ததும் தாளை வாங்கிப் பார்த்தார். “சேச்சி, கவர்ன்மென்ட் ஆர்டரையும் இப்படித்தான் திருத்துமோ?” என்றார். லேபில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரிக்கப் பார்த்து அழுதுவிட்டேன். அவர் எழுந்து எனக்கு நாற்காலி போட்டார். அன்றே அந்தத் தாளின் நகலோடு இதழுக்குக் கடிதம் போனது. அதை நான் டைப் செய்யவில்லை.

அடுத்த வருடம் கட்டுரை வெளிவந்தது. எதையும் மறுபடி அளக்க வேண்டி வரவில்லை. கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

ஸ்டெல்லா என்னை மன்னித்துவிட்டாள். ஆனாலும் அந்தப் பொய்யை நினைத்தால் இன்றும் அவள் முகத்தைப் பார்க்க முடிவதில்லை. இப்போது அலுவலகத்தில் ஓர் எழுத்தை மாற்றுவதென்றாலும் கேட்டுவிட்டே மாற்றுகிறேன்.

தவறை மறைத்துக்கொண்டு ஜெபிக்கிறவர்கள் உங்களில் யாராவது இருந்தால், முதலில் நீங்கள் தீங்கு செய்தவரிடம் போங்கள். நான் தைரியத்தோடு போகவில்லை, நடுங்கிக்கொண்டுதான் போனேன். கர்த்தர் அப்படியே என்னைப் பிடித்துக்கொண்டார். உங்களையும் விடமாட்டார்.