பதில் கிடைக்காத போயிட்டு வரேன்

என் கணவர் இறந்தபோது நான் அழவில்லை. ஸ்ரீரங்கத்தில் எங்கள் தெருவே அதைக் கவனித்துவிட்டது. "அழுதுடும்மா, நெஞ்சுல வச்சுக்காதே" என்று நாத்தனார் என் முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தார். முதுகு வலித்தது. வேறொன்றும் தெரியவில்லை.

துக்க வீட்டுக்கு வந்தவர்கள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும் என்பது வழக்கம். எல்லாரும் அப்படியே எழுந்து போனார்கள். அவருடைய ஆபீஸ் நண்பர் ஒருவர் மட்டும் செருப்பை மாட்டும்போது, பழக்கதோஷத்தில், "போயிட்டு வரேங்க" என்று சொல்லிவிட்டார். பக்கத்திலிருந்த அவர் மனைவி கையைக் கிள்ளினாள். மனிதர் நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்குக் கோபம் வரவில்லை. முந்தின நாள் காலையில் அதே வாசலில் என் கணவரும் அதைத்தான் சொன்னார். மிக்ஸியில் சட்னி ஓடிக்கொண்டிருந்தது. "சரி, வாங்க" என்று சொல்வதற்கு மிக்ஸியை நிறுத்த வேண்டும். நான் நிறுத்தவில்லை. மத்தியானம் அவர் ஆபீஸிலிருந்து போன் வந்தது.

அதன்பின் பத்து மாதம் வேலைக்குப் போனேன், வந்தேன். ஊறுகாய்கூடப் போட்டேன். என்னைப் பார்த்து எனக்கே எரிச்சலாக இருந்தது.

என்னோடு வேலை பார்க்கும் பெண் ஒரு போர் நாவலைக் கொடுத்தாள். "ரொம்ப அழுகையா இருக்குங்க, மெதுவாப் படிங்க" என்றாள். அழ வைப்பதற்கென்றே எழுதும் கதைகள்மேல் எனக்குப் பெரிய மரியாதை கிடையாது. பஸ்ஸில் பொழுது போகட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

நாவலில் நம்மைப் போலத் தமிழ் பேசும் ஒரு ஊர். தினமும் குண்டு விழுகிறது, தினமும் ஏதாவது ஒரு வீட்டில் சாவு. ஊரே துக்க வீடாகிவிட்டதால் யாரும் யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதில்லை. ஒருநாள் பதுங்குகுழியிலிருந்து தண்ணீர் எடுக்கக் கிளம்பும் சின்னப் பெண் மறந்துபோய், "போயிட்டு வரேம்மா" என்கிறாள். அம்மா பயந்துபோய்ப் பதில் சொல்லாமல் இருந்துவிடுகிறாள். பெண் திரும்பி வரவில்லை. அப்புறம் அந்த அம்மா, பக்கத்தில் யார் எழுந்தாலும், "சரி வா, வா" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறாள்.

பஸ் காவிரிப் பாலத்தில் போய்க்கொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, சத்தமாகவே. பக்கத்து சீட்டில் பூக்கூடையோடு உட்கார்ந்திருந்த அம்மா, "என்னங்க, யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டார்.

"இல்லீங்க, கதை படிச்சேன்."

அவர் என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நம்பவில்லை. பாலம் முடிவதற்குள் அழுகை நின்றுவிட்டது. உள்ளே மறுபடியும் மரத்துப்போயிற்று. புருஷனுக்கு வராத கண்ணீர் புத்தகத்துக்கு வந்ததே என்று வெட்கமாக இருந்தது.

சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அந்த அம்மா கூடையைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "போயிட்டு வரேம்மா" என்றார். முன்பின் தெரியாதவர். இன்ஜின் உறுமிக்கொண்டிருந்தது. அதற்குமேல் கத்தி, "சரிங்க, வாங்க" என்றேன். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். அந்த அம்மா படியிறங்கிக் கூட்டத்தில் கலந்த பிறகும் நான் "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.