பிறந்தாளா, பிறந்தாலா?

நெற் கபேயில் நிற்கிறவள் கொம்பியூட்டருக்கு மட்டும் பொறுப்பல்ல, அது செய்கிற அநியாயங்களுக்கும் அவள்தான் பதில் சொல்லவேண்டும். வவுனியாவில் படித்துக்கொண்டே பின்னேரங்களில் ஒரு கடையில் நின்ற எனக்கு இது முதல் கிழமையே விளங்கிவிட்டது. நின்று பார்த்தவர்களுக்கு நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்றில்லை.

பென்சிலைக் காணேல்லை

ஒரு திங்கட்கிழமை போய்ப் பார்த்தால், நாலு கொம்பியூட்டரிலும் பிறவுசர் தன்பாட்டில் புதுப் பதிப்புக்கு மாறியிருந்தது. யாரைக் கேட்டு? கீழ் மூலையில் இருந்த சின்னப் பென்சில் படத்தைக் காணவில்லை. அதை அமத்தினால்தான் தட்டெழுத்துப் பொறியில் போலத் தமிழ் அடிக்கலாம். புதிய பதிப்பில் அது ஓடாதாம். மிஞ்சியது, ஆங்கில எழுத்துகளைத் தட்டினால் தமிழாக மாறும் முறை ஒன்றுதான். முதலில் வந்த தமிழ் ரீச்சர் கொஞ்ச நேரம் மல்லுக்கட்டிவிட்டு எழும்பினா.

"பிள்ளை, தமிழ் எழுத நான் இனி இங்கிலிஷ் ரியூசனுக்குப் போகவோ?"

றஹீம் நானாவின் ஒரு வரி

துணிக்கடை றஹீம் நானா முந்தி ஒரு கந்தோரில் தமிழ்த் தட்டெழுத்தாளர். அடுத்தநாள் ஆஸ்பத்திரியிலிருந்து நேரே ஓடிவந்தார். மகளுக்குப் பெண்பிள்ளை பிறந்திருக்கிறது. மருமகன் கட்டாரில், பாலைவனத்து வேலை முகாமில். அங்கே போன் எடுபடாது, மின்னஞ்சல்தான். ஏழாம் நாள் பெயர் வைக்கமுன் தகப்பனைக் கேட்கவேண்டும். நான் அடித்துத் தருகிறேன் என்றேன். "குடும்பக் கதையைச் சொல்லி அடிப்பிக்கேலுமோ?" என்று தானே குந்தி, ஒரு வரி அனுப்பிவிட்டுப் போனார்.

அவர் எழுத நினைத்தது: 'மகள் பிறந்தாள் உடன் பதில் போடவும்.' ஆனால் அந்த முறையில் 'ள' வருவதற்கு இன்னொரு விசையையும் சேர்த்து அமத்தவேண்டும். அதை எங்கேயும் எழுதியிருக்கவில்லை. போனது: 'மகல் பிறந்தால் உடன் பதில் போடவும்.' மறுநாள் மருமகனின் பதில் வந்து கிடந்தது: 'பிறந்தால் கட்டாயம் போடுவன் மாமா. பொடியன் பிறந்தாலும் போடுவன். இன்னும் எத்தினை நாள் ஆகும்?'

நானா திரையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"பிறந்த பிள்ளையை உன்ர மிசின் திருப்பி வயித்துக்க அனுப்பிப்போட்டுது, பிள்ளை!"

முதலாளியோடு வழக்கு

முதலாளி சிவம் அண்ணையிடம் போனேன். பழைய பதிப்பையே திருப்பிப் போடுவோம் என்றேன். "புதுசு வந்தாப்பிறகு பழசுக்குப் போறதோ? சனம் சிரிக்கும்," என்றார். சிரிக்கட்டும், அழுகிற சனத்தை யார் பார்க்கிறது என்று கேட்டேன். "தமிழ்ச் சனம் தமிழில எழுத ஏலாட்டி அது புதுசு இல்லை அண்ணை, பழுது!" கடைசியில், பழைய பதிப்பு இருந்த சீடியை லாச்சியை இழுத்து எடுத்து மேசையில் எறிந்தார்.

"நீ கம்பஸில கொம்பியூட்டர் படிக்கிறியோ, வழக்குப் பேசுற அப்புக்காத்துக்குப் படிக்கிறியோ?"

பின்னுக்குப் போனோம்

சேமித்து வைத்த முகவரிகளைப் பென்டிரைவில் எடுத்துக்கொண்டு, புதியதை அழித்து, பழையதைப் போட்டேன். பென்சில் வந்தது! தேத்தண்ணி குடித்துவிட்டு வந்து பார்த்தால், அது திரும்பவும் புதுப் பதிப்பை இறக்கி வைத்துக்கொண்டு, போடட்டோ என்று நின்றது. வெட்கங்கெட்டது. தன்பாட்டில் புதுப்பிக்கும் வசதியை நாலிலும் நிற்பாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

நானா வந்து குந்தினார். விசைகளைப் பாராமலே, பிள்ளைக்கு யோசித்த பெயர்கள் உட்பட ஒரு முழுக் கடிதம் அடித்து அனுப்பினார். மறுநாள் பதில்: 'மாமா, பிறந்தாள் எண்டு வாசிச்ச பிறகுதான் சோறு இறங்கினது. ஹஸ்னா எண்டு வையுங்கோ.' நானா மஸ்கட் இனிப்புப் பெட்டியை எனக்கு முன்னால் திறந்து வைத்தார்.

"அல்ஹம்துலில்லாஹ், என்ர பேத்தி இண்டைக்குத்தான் முழுசாப் பிறந்திருக்கிறாள்."

முன்னேற்றத்துக்கு நான் எதிரியில்லை, அது வாசலில் வந்து நிற்கும்போது திரும்பிப் போகிற வழியும் தெரியுமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்வேன்.