கோணல் வீச்சுக்கு விழுந்த கைதட்டல்

டார்லீன் ஹாக்கெட்டுக்கு அருவருப்பு ஏற்படுத்தாத ஆள் அந்த மைதானத்தில் ஒருவர்கூட இல்லை. கூடாரத்தடியில் மடக்கு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, சூரியகாந்தி விதையை மென்று பொச்சு பொச்சென்று துப்பும் அப்பன்மார். நடுவராக வந்த பதினெட்டு வயதுப் பையனைக் குருடன் என்று கத்தும் அம்மாமார். மகள் தோற்றுவிட்டால் வீடு போய்ச் சேரும்வரை அவளோடு ஒரு வார்த்தை பேசாமல் வண்டி ஓட்டும் ஜென்மங்கள். இதற்கு மேல் ஜூன் மாதத்து ஓக்லஹோமா வெயில், பல்லில் நறநறக்கும் செம்மண், மூக்கைப் பிடித்துக்கொண்டு போகவேண்டிய பிளாஸ்டிக் கழிப்பறை. 'கருமம் பிடித்த ஆட்டம்' என்று வாரா வாரம் சொல்லுவாள். வாரா வாரம் வந்தும் தொலைவாள். மகள் ஷெல்பி ஆடுகிறாளே, வேறென்ன செய்வது?

டார்லீன் மாட்டுத்தீவனக் கடையில் வேலை பார்ப்பவள். கல்லாவில் நிற்பாள், ஆள் இல்லாவிட்டால் மூட்டையும் தூக்கி வண்டியில் போடுவாள். பள்ளியில் படித்தபோது அவளும் இந்தச் சாஃப்ட்பால், அதாவது பெண்பிள்ளைகள் ஆடும் பேஸ்பால், ஆடியவள்தான். ஷெல்பிக்கு ஆறு வயதானபோது வீட்டுக்குப் பின்னால் பழைய மீன்வலையைக் கட்டி, பந்து வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தாள். பக்கவாட்டிலிருந்து ஒவ்வொரு பந்தாகத் தூக்கிப் போடுவாள், பிள்ளை அடிக்கும். பத்து வருஷம் ஓடிவிட்டது, இன்றைக்கும் அதே பாட்டுதான். "முன்காலத் தொறக்காத, பாதம் வெளிய திரும்பக் கூடாது. மூடியே ஊனு. இடுப்பு முதல்ல போவட்டும், கை அப்புறம் வரும். கைய நீ தள்ளாதடி, அது தானா வரும்." தூக்கத்தில்கூட இதை உளறுகிறாள் என்று கணவன் கர்ட் கேலி செய்வான்.

அந்தச் சனிக்கிழமை முக்கியமான நாள். ஷெல்பிக்குப் பதினாறு வயது. மதியம் இரண்டு மணி ஆட்டத்தைப் பார்க்க ஒரு கல்லூரிப் பயிற்சியாளர் அம்மாள் கான்சாஸிலிருந்து வருவதாக இருந்தது. அந்த அம்மாளுக்குப் பிடித்துவிட்டால் படிப்புச் செலவு முழுக்கக் கல்லூரியே ஏற்றுக்கொள்ளும். பிடிக்காவிட்டால் ஷெல்பியும் தீவன மூட்டை தூக்கவேண்டியதுதான்.

காலை ஆட்டத்தில்தான் அது நடந்தது. ஷெல்பி புது மட்டையை வீசினாள். ஒரு சத்தம். எதிரணியில் பந்து எறிந்த பெண் காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். பந்து முழங்காலுக்குக் கீழே எலும்பில் பட்டு எகிறி ஓரத்துக்கு ஓடியது. ஷெல்பி அணிக் கூடாரத்துக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். "அடி சக்கை! பாத்தியா அந்த வேகத்த!"

டார்லீனுக்குக் கை எழவில்லை. பந்து வெளிப்பக்கமாக வந்தது. ஷெல்பியின் முன்கால் திறந்துகொண்டு எங்கேயோ போய் விழுந்தது. இடுப்பு முன்னாலேயே திரும்பி முடிந்துவிட்டது. கை மட்டும் தனியாக நீண்டு மட்டை நுனியில் பந்தைத் தொட்டது. அத்தனையும் கோணல். அந்த வீச்சுக்குப் பந்து தத்தித் தத்திப் பத்தடி உருண்டிருந்தாலே அதிகம். அது துப்பாக்கியிலிருந்து கிளம்பியதுபோல் போயிற்று என்றால், அடித்தது தன் மகள் இல்லை, அந்த மட்டை.

கர்ட் பிக்கப் வண்டியின் பின்கதவில் உட்கார்ந்து சோளமாவு பூசிப் பொரித்த சாசேஜைக் கடித்துக்கொண்டிருந்தான். டார்லீன் போய் எதிரே நின்றாள்.

"அந்தப் புது மட்டைய எவன்கிட்ட குடுத்த?"

"எந்த மட்டைய?"

"நடிக்காத கர்ட். எனக்குக் குமட்டுது."

கர்ட் வாயைத் துடைத்துக்கொண்டான். "லேத் பட்டறையில நம்ம ராய்ஸ் இல்ல? அவன்தான். உள்ள வெறுங்குழாதானே, முனை மூடியக் கழட்டி, உள்சுவரக் கொஞ்சம் சீவி, திரும்ப ஒட்டிக் குடுத்தான். சுவரு மெலிசானா பந்து எகிறும். எல்லாரும் செய்றதுதான். நீ ஒருத்திதான் என்னமோ வானத்துலேருந்து குதிச்ச மாதிரி பேசற."

"அந்தப் பொண்ணு கால் என்னாச்சு பாத்தியா?"

"காலுதானே. மூஞ்சிக்குத்தான் கவசம் போட்டிருக்காளே."

"தூ! நீயெல்லாம் ஒரு மனுசன்."

"துப்பு, நல்லா துப்பு," என்று கர்ட் எழுந்தான். "பத்து வருசமா வாளி மேல குந்திக்கிட்டு கால மூடு, இடுப்பத் திருப்புன்னு கத்துனியே, என்னத்தக் கிழிச்ச? இந்த வருசம் ஒரு பந்து வேலியத் தாண்டிச்சா? ரெண்டு மணிக்கு அந்தம்மா வருது. அப்புறம் பேசு உன் நியாயத்த."

டார்லீனுக்கு இவனோடு எப்படித்தான் ஒரே தட்டில் சாப்பிட்டோமோ என்றிருந்தது. பிள்ளையிடம் போனாள். பாவம், அவளுக்கு என்ன தெரியும், பக்குவமாகச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே போனாள். ஷெல்பி மரநிழலில் ஊறுகாய் வெள்ளரியைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"ஷெல்பி, அந்த மட்டையில உங்கப்பன் ஒரு வேலை பண்ணிருக்கான்."

"தெரியும்."

"தெரியுமா?"

"நான்தான்மா கேட்டேன்." ஷெல்பி தலையை நிமிர்த்தவில்லை. "இடுப்பு இடுப்புன்னு நீ உசுர விடற. அந்தம்மா அவ்ளோ தூரத்துலேருந்து வந்து என் இடுப்பையா பாக்கப்போவுது? பந்து எங்க போச்சுன்னு பாக்கும். அவ்ளோதான்."

கர்ட் மேல் டார்லீனுக்கு வந்தது கோபம். இது கோபமில்லை, உடம்பெல்லாம் கூசியது. தான் பெற்றது, தான் சோறு போட்டது, தான் கற்றுக்கொடுத்தது. அது உட்கார்ந்து வெள்ளரிக்காய் கடித்துக்கொண்டு இப்படிப் பேசுகிறது.

மகள் பையிலிருந்து மட்டையை உருவினாள். பிக்கப்பின் பின்சக்கரத்துக்குக் கீழே செருகினாள். கர்ட் "ஏய், ஏய்!" என்று ஓடிவருவதற்குள் வண்டியைக் கிளப்பிப் பின்னால் எடுத்தாள். மடக்கென்று ஒரு சத்தம். ஒருமுறை போதாதென்று முன்னாலும் ஏற்றி இறக்கினாள்.

"உனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கு!" ஷெல்பி அழுதாள். "என் வாழ்க்கையே போச்சு!"

"போனா போவட்டும். கண்ணத் தொடச்சுக்கிட்டு வா. அந்தப் பொண்ணுகிட்ட மன்னிப்பு கேக்கணும்."

எதிரணிக் கூடாரத்தில் அந்தப் பெண் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். பெயர் ஆட்ரா. ஐஸ் பைக்கு அடியில் கால் கத்தரிக்காய் நிறத்தில் வீங்கியிருந்தது. பக்கத்தில் அவள் அப்பன், உதட்டில் புகையிலை அதக்கிய தடியன். டார்லீன் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டாள். மட்டை சீவினது, அது தப்பு, உடைத்துப் போட்டாயிற்று, நடுவரிடம் சொல்லவேண்டுமானாலும் வருகிறேன் என்றாள். திட்டட்டும், கை ஓங்கட்டும் என்று தயாராகத்தான் நின்றாள். தன் பிள்ளைக்கு நடந்திருந்தால் அவள் சும்மா விட்டிருக்கமாட்டாள்.

அந்த ஆள் இரண்டு பக்கமும் திரும்பிப் பார்த்தான். கிட்டே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"யாருகிட்ட செஞ்சீங்க? நம்பர் இருக்கா? நம்ம பொண்ணுக்கும் அடி கொஞ்சம் பத்தல."

டார்லீன் ஓரடி பின்னால் நகர்ந்தாள். ஆட்ரா தொப்பியை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள். தொப்பிக்குக் கீழே அவள் கன்னம் சிவந்துபோனதை ஷெல்பி பார்த்தாள். அப்பனையும் பார்த்தாள், அந்தக் காலையும் பார்த்தாள்.

"சாரி ஆட்ரா," என்றாள். அப்புறம் அந்த ஆளிடம், "நம்பர் கெடையாது," என்றாள். அம்மாவின் முழங்கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே வந்தாள்.

இரண்டு மணி ஆட்டத்தில் ஷெல்பி பழைய அலுமினிய மட்டையோடு இறங்கினாள். முதல்முறை மூன்று வீச்சும் காற்றில் போயின, அவுட். இரண்டாம் முறை பந்து நேரே தலைக்குமேல் எழும்பி, நின்ற இடத்திலேயே பிடிபட்டது. கான்சாஸ் அம்மாள் குடையை மடக்கிக்கொண்டு பக்கத்து மைதானத்துக்கு நடையைக் கட்டினாள். கர்ட் வண்டியில் ஏசியைப் போட்டுக்கொண்டு கண்ணாடியை ஏற்றிவிட்டான்.

மூன்றாம் முறை முன்கால் மூடியபடி ஊன்றியது. இடுப்பு போயிற்று, கை பின்னாலேயே வந்தது. பந்து நடு மைதானத்துக்கு மேலே எழும்பி எழும்பிப் போயிற்று. அங்கே நின்ற பெண் வேலிவரை பின்னால் ஓடி, முதுகு வேலியில் இடிக்க, எம்பிப் பிடித்துவிட்டாள். ஷெல்பி அணிக் கூடாரத்தில் 'ச்சே' என்றார்கள். ஒருவன் எழுந்து ஐஸ் பெட்டியை மூடப் போனான்.

ஷெல்பி திரும்பி, கம்பிவேலிக்கு இந்தப் பக்கம் நின்ற அம்மாவிடம் நேரே வந்தாள். தலைக்கவசத்தைக் கழற்றினாள். நெற்றியெல்லாம் வேர்வை.

"அந்தம்மா பாத்துச்சா?"

"இல்ல. முன்னாடியே போயிடுச்சு."

ஷெல்பி கம்பியில் விரலைக் கோத்துக்கொண்டாள். "என்ன தப்பு பண்ணேன், சொல்லு."

"ஒரு தப்பும் பண்ணல," என்றாள் டார்லீன். "அந்தப் பொண்ணு நல்லா புடிச்சிட்டா."